பழைய கணினியும் நம் கையில் உள்ள அமானிதமும்

(அறக்கட்டளையின் மாதாந்திரக் குடும்ப ஒன்றுகூடலில், மஃரிப் தொழுகைக்குப் பின், கணினி மையப் பொறுப்பாளர்கள் சார்பில் ஆற்றப்பட்ட உரை)

 

கல்வி உதவி, மருத்துவ உதவி, ஜகாத் வினியோகம் என்றுதான் இந்த மேடையில் வழக்கமாகப் பேசுவோம். இன்று கம்ப்யூட்டரைப் பற்றிப் பேசப் போகிறோம். "இது பையன்கள் சமாச்சாரம்" என்று பெரியவர்கள் எழுந்து போய்விட வேண்டாம். ஏன் என்பதை நம் அலுவலகத்தில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சியோடு சொல்கிறோம்.

கல்வி உதவிக்கு விண்ணப்பம் எழுத ஒரு ராத்தா வந்திருந்தார். கணவரை இழந்தவர். இரண்டு பிள்ளைகள். அவர் எழுதிக்கொண்டிருந்தபோது, பக்கத்து மேஜையில் நம் தம்பிகள் இருவர், "இந்த சிஸ்டத்துக்கு சப்போர்ட் முடிஞ்சிடுச்சு, இனிமே யாரு வேணும்னாலும் உள்ளே பூந்துடலாம்" என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். ராத்தா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "தம்பி, எங்க ஆதாரு, பாஸ்புக்கு எல்லாம் இதுக்குள்ளதானே இருக்கு? நான் இங்கே வந்து உதவி வாங்குறது எங்க மாமியா வீட்டுக்குக்கூடத் தெரியாதுப்பா" என்றார்.

எங்களால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. "ஒண்ணும் ஆகாது ராத்தா" என்று சொல்லி அனுப்பிவிட்டோம். ஆனால் அது உண்மையான பதில் அல்ல என்பது எங்களுக்கே தெரியும். உண்மையான பதிலைத் தேடி இந்தச் சில மாதங்களில் நாங்கள் என்ன செய்தோம், உங்கள் வீட்டுக் கணினிக்கு நீங்கள் என்ன செய்யலாம் என்பதுதான் இன்றைய பேச்சு.

ஆதரவு முடிந்தது என்றால் என்ன?

நம் கணினிகளில் பெரும்பாலானவற்றில் ஓடுவது விண்டோஸ் 10. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2015 ஜூலை 29 அன்று அதை வெளியிட்டது. 2025 அக்டோபர் 14 அன்று அதற்கான ஆதரவை முடித்துக்கொண்டது. இது புதிய வழக்கம் அல்ல. விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8, விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14 என்று இதற்கு முன்னும் தேதி குறித்து நிறுத்தியிருக்கிறார்கள்.

ஆதரவு முடிந்த அடுத்த நாள் கணினி நின்றுவிடாது. பட்டனைத் தட்டினால் எப்போதும்போல ஓடும். அதனால்தான் பலர், "நல்லாத்தானே ஓடுது" என்று விட்டுவிடுகிறார்கள். ஓட்டு வீட்டை நினைத்துப் பாருங்கள். வருடா வருடம் மழைக்கு முன்னால் கொத்தனார் வந்து உடைந்த ஓட்டை மாற்றிக் கொடுப்பார். ஒரு வருடம் அவர், "இனி இந்த வீட்டுக்கு வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டால் வீடு அன்றைக்கே விழுந்துவிடுமா? விழாது. ஆனால் அடுத்து உடைகிற ஓடு உடைந்தபடியே கிடக்கும். அதற்கடுத்த மழைக்கு இன்னொன்று உடையும்.

கணினியின் இயங்குதளமும் அப்படித்தான். அதில் ஓட்டைகள் அவ்வப்போது கண்டுபிடிக்கப்படுகின்றன. மாதந்தோறும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை மைக்ரோசாஃப்ட் அவற்றை அடைக்கும் திருத்தங்களை வெளியிடுகிறது. இப்போது அந்தத் திருத்தங்கள் விண்டோஸ் 11-க்கு வருகின்றன. கூடுதல் ஏற்பாடு எதுவும் செய்துகொள்ளாத விண்டோஸ் 10-க்கு வருவதில்லை. இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. இரண்டு இயங்குதளங்களுக்கும் பொதுவான பாகங்கள் நிறைய. விண்டோஸ் 11-க்கு வந்த திருத்தத்தைப் பிரித்துப் படிக்கும் திருடனுக்கு, பழையதில் எங்கே ஓட்டை திறந்து கிடக்கிறது என்பதும் தெரிந்துவிடும்.

"ஆன்டிவைரஸ் போட்டிருக்கோமே" என்று சிலர் கேட்டார்கள். விண்டோஸோடு வரும் டிஃபெண்டருக்கு வைரஸ் அடையாளப் பட்டியல் 2028 அக்டோபர் வரை வரும் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்திருப்பது உண்மைதான். ஆனால் ஆன்டிவைரஸ் வாசலில் நிற்கும் காவல்காரர். பின்சுவரில் உள்ள ஓட்டையை அவர் அடைக்க மாட்டார். காவல்காரரும் வேண்டும், சுவரும் வேண்டும்.

நடந்த ஒன்றைச் சொல்கிறோம். 2017 மே 12 அன்று 'வான்னாக்ரை' என்ற தீநிரல் 150 நாடுகளுக்கு மேல் பரவி, இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளில் இருந்த கோப்புகளைப் பூட்டிப்போட்டு, சாவிக்குப் பணம் கேட்டது. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் ஆயிரக்கணக்கான நோயாளிகளின் சந்திப்புகள் ரத்தாயின. அந்தத் தீநிரல் நுழைந்த ஓட்டைக்கான திருத்தம் அதே ஆண்டு மார்ச்சிலேயே வந்துவிட்டது என்பதுதான் கவனிக்க வேண்டிய செய்தி. அதைப் போட்டுக்கொண்டவர்கள் தப்பித்தார்கள். போடாதவர்களும், ஆதரவு முடிந்த பழைய இயங்குதளத்தில் இருந்தவர்களும் ஆபத்தில் நின்றார்கள்.

நாங்கள் செய்த தவறு

பிறர் கதை எதற்கு? நம் கதையையே சொல்கிறோம். மூன்று ஆண்டுகளுக்கு முன் தையல் வகுப்புக் கணக்கு இருந்த கணினியில் ஒரு பென்டிரைவ் வழியாக வைரஸ் புகுந்தது. கோப்புகள் எதுவும் திறக்கவில்லை. இரண்டு ஆண்டுக் கணக்கைப் பில் கட்டுகளைப் பார்த்துப் பார்த்து மறுபடியும் எழுத வேண்டியதாயிற்று. நகல் எடுத்து வைக்காதது எங்கள் தவறு. அன்றைக்குப் போனது கணக்கு மட்டும்தான் என்று அல்ஹம்துலில்லாஹ் சொல்லிக்கொண்டோம். அதிலிருந்து பாடம் படித்தோமா என்றால், படித்தோம் என்று சொல்ல முடியாது. விண்டோஸ் 10-க்குக் கெடு வருகிறது என்பது வெகுகாலம் முன்பே தெரியும். "பார்த்துக்கலாம்" என்று இருந்தோம். ராத்தாவின் கேள்விதான் எங்களை உட்கார வைத்தது.

உட்கார்ந்ததும் கமிட்டியில் இரண்டு கருத்து வந்தது. "மொத்தத்தையும் மாத்திடுவோம்" என்றார் ஒருவர். நம்மிடம் இருப்பவை பதினொரு கணினிகள். கடையில் வாங்கிய கொட்டேஷன் நான்கு லட்சத்து நாற்பதாயிரம். அது நம் கல்வி உதவி நிதியில் ஏறத்தாழ ஓர் ஆண்டுத் தொகை. "ஓடுற மாட்டை எதுக்கு விக்கணும்? ஒண்ணும் செய்ய வேண்டாம்" என்றார் இன்னொரு பெரியவர்.

இரண்டு பேர் பேச்சிலும் நியாயம் இருந்தது. நன்றாக ஓடுகிற பத்துப் பொருளைக் குப்பையில் போட்டால் அது வீண் விரயம். ஏழையின் ஆதாரையும் வங்கிக் கணக்கு எண்ணையும் ஓட்டை விழுந்த பெட்டியில் வைத்திருந்தால் அது அமானிதத்தில் குறை. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி வேண்டும். "எல்லாக் கணினிக்கும் ஒரே முடிவு" என்ற நினைப்பை விட்டதும் அந்த வழி தெரிந்தது. கணினியின் வயதைக் கேட்பதற்கு முன்னால், அதற்குள் யாருடைய பொருள் இருக்கிறது என்று ஒவ்வொரு பெட்டியாகக் கேட்டோம்.

பதினொரு கணினிகள்

முதலாவது, கணக்குக் கணினி. டாலியும் நெட்பேங்கிங்கும் ஆடிட்டருக்கான டிஜிட்டல் கையொப்பமும் இதில்தான். நாங்கள் பழகிய இந்த வேலைகளுக்கு விண்டோஸ் தேவை. ஆனால் அந்தக் கணினி விண்டோஸ் 11-ஐ ஏற்காத பழைய மாடல். இது ஒன்றை மட்டும் புதிதாக வாங்கினோம்.

இரண்டாவது, பயனாளிகள் பட்டியல் உள்ள கணினி. ராத்தா கேட்டது இதைப் பற்றித்தான். சோதித்தபோது, "விண்டோஸ் 11-க்குத் தகுதி இல்லை" என்றே முதலில் காட்டியது. புதிது வாங்கப் புறப்பட்டுவிட்டோம். நம் தம்பி ஒருவர், "கொஞ்சம் பொறுங்க" என்று கணினியின் பயாஸ் அமைப்புக்குள் போய்ப் பார்த்தார். டிபிஎம் என்ற பாதுகாப்புப் பாகம் கணினியிலேயே இருந்திருக்கிறது. அணைத்து வைக்கப்பட்டிருந்தது, அவ்வளவுதான். அதை இயக்கியதும் தகுதி வந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு மாற்ற ஒரு பைசா செலவில்லை. பட்டியல் உள்ள கோப்புறைக்கும் கடவுச்சொல் போட்டோம். இப்போது இரண்டு பேருக்கு மட்டுமே அது தெரியும்.

அடுத்து, பயிற்சிக் கூடத்தில் எட்டுக் கணினிகள். அதில் இரண்டு தகுதி பெற்றன. அவற்றை விண்டோஸ் 11-க்கு மாற்றினோம். மீதி ஆறில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டோம். அதன் 22-ஆம் பதிப்புக்கு 2029 ஏப்ரல் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் உண்டு. வெளிநாட்டில் இருக்கும் நம் மஹல்லா சகோதரர் ஒருவர் ஆறு எஸ்எஸ்டி வாங்கிக் கொடுத்தார். பழைய ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு அதை மாட்டியதும், நாலு நிமிடம் எடுத்துக்கொண்ட கணினிகள் அரை நிமிடத்தில் திறக்கின்றன.

பதினொன்றாவது, இந்த இதழைப் பக்கம் கட்டும் பழைய டிடிபி கணினி. பேஜ்மேக்கரும், யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களும், பல வருட இதழ்களும் அதில் இருக்கின்றன. புதிய இயங்குதளத்துக்கு மாற்றினால் அவை திறக்குமோ திறக்காதோ என்ற பயம். இதற்கு எளிய வழி ஒன்று இருந்தது. இணைய வயரைப் பிடுங்கிவிட்டோம். வைஃபையையும் அணைத்துவிட்டோம். வெளியார் பென்டிரைவ் அதில் போடக்கூடாது என்று எழுதி ஒட்டியிருக்கிறோம். பழைய இதழ்களை ஒவ்வொன்றாகப் பிடிஎஃப் ஆக்கி வருகிறோம். புதிய இதழ்களை யூனிகோடில் தட்டச்சு செய்யத் தொடங்கிவிட்டோம். தமிழ்நாடு அரசு 2010-லேயே யூனிகோடைத் தமிழுக்கான தரமாக அறிவித்துவிட்டது. நாம்தான் தாமதம்.

பழைய கணக்குக் கணினியை என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். கோப்புகளை இரண்டு நகல் எடுத்து, டிஸ்க்கை முழுவதும் அழித்து, லினக்ஸ் போட்டு, கல்லூரியில் படிக்கும் ஒரு தங்கைக்குக் கொடுத்துவிட்டோம். மொத்தச் செலவு அறுபதாயிரத்துக்குள் முடிந்தது.

எல்லாம் சுலபமாக நடந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு லேசர் பிரிண்டர் லினக்ஸில் ஓட மறுத்தது. அதை அலுவலகத்துக்கு மாற்றினோம். பயிற்சி ஆசிரியை, "வேலைக்குப் போற இடத்துல வேர்டு, எக்செல்தானே கேப்பாங்க? பிள்ளைங்க கஷ்டப்படாதா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதனால்தான் இரண்டு விண்டோஸ் கணினிகளைப் பரீட்சைக்கும் வேலைக்கும் தயாராகிறவர்களுக்கு ஒதுக்கியிருக்கிறோம். தட்டச்சு, கடிதம், கணக்கு அட்டவணை, இணையம் எல்லாம் முதலில் லினக்ஸில் லிப்ரே ஆபிஸில் பழகுகிறார்கள். தமிழ்99 விசைப்பலகையும் அதில் இருக்கிறது. லினக்ஸ் நமக்குப் புதியதுமல்ல. பக்கத்துக் கேரளத்தில் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் பல வருடங்களாக அதில்தான் கணினி படிக்கிறார்கள்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். இந்தக் கணக்கெடுப்பில்தான், பயிற்சிக் கூடத்தின் மூன்று கணினிகளில் இருந்த விண்டோஸ் காசு கொடுத்து வாங்கியதல்ல, யாரோ பூட்டு உடைத்துப் போட்டுக் கொடுத்தது என்று கண்டோம். பூட்டு உடைக்கும் அந்தச் சின்ன மென்பொருள்களோடு சேர்ந்தே வைரஸ் வருவது சர்வ சாதாரணம். அதைவிட, உரிமையாளர் அனுமதியில்லாத பொருளை அறக்கட்டளையின் பெயரில் வைத்திருந்தோம் என்பது எங்களுக்குச் சங்கடமாக இருந்தது. லினக்ஸ் போட்ட பிறகு அந்தச் சங்கடமும் நீங்கியது.

உங்கள் வீட்டுக் கணினிக்கு

இனி உங்கள் வீட்டுக்கு வருவோம். மகன் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த லேப்டாப், வாப்பா கடைக்கணக்குப் பார்க்கும் கம்ப்யூட்டர், பேரனோடு வீடியோவில் பேசும் பெட்டி, எதுவாக இருந்தாலும் நாலு விஷயத்தை வரிசையாகப் பாருங்கள்.

முதலில், அதற்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். வங்கிக் கணக்கு, வாடிக்கையாளர் கடன் விவரம், பாஸ்போர்ட் நகல், பிள்ளைகளின் புகைப்படம் இருக்கிறதா? அல்லது பயான் கேட்பதற்கும் பாடம் எழுதுவதற்கும் மட்டும்தானா? முன்னது என்றால் தள்ளிப் போடாதீர்கள்.

இரண்டாவதாக, விண்டோஸ் 11 ஏற்குமா என்று பாருங்கள். மைக்ரோசாஃப்டின் 'பிசி ஹெல்த் செக்' என்ற இலவசச் செயலி சொல்லிவிடும். பொதுவாக இன்டெல் எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிந்தையதும், ஏஎம்டி ரைசன் 2000 வரிசையும் அதற்குப் பிந்தையதும் தேறும். குறைந்தது 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம், டிபிஎம் 2.0 வேண்டும். நாலு ஜிபியில் ஓடும், ஆனால் நொண்டும். எட்டு இருப்பது நல்லது. "தகுதி இல்லை" என்று காட்டினாலும், டிபிஎம் அணைந்திருக்கிறதா என்று தெரிந்தவரை வைத்து ஒருமுறை பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். முறையான விண்டோஸ் 10 உள்ள கணினி தேறினால் மாற்றம் இலவசம்.

மூன்றாவதாக, தேறாவிட்டால் கொஞ்சம் அவகாசம் வாங்கலாம். வீட்டு உபயோகக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை கூடுதல் பாதுகாப்புத் திருத்தங்கள் தருவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்திருக்கிறது. கணினியின் அமைப்புகளை மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைத்து வைத்தால் இது இலவசம். இல்லையென்றால் ஒருமுறை 30 டாலர் அல்லது அதற்கு இணையான தொகை. விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பான 22எச்2 இருக்க வேண்டும். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் இதில் சேர்வதற்கான பட்டன் இருக்கும். நினைவிருக்கட்டும், இது அவகாசம்தான், தீர்வு அல்ல. அலுவலகங்களுக்கும் நிறுவனங்களுக்கும் விலை வேறு. முதல் ஆண்டுக்கு ஒரு கணினிக்கு 61 டாலர், அடுத்தடுத்த ஆண்டு இரட்டிப்பு. அதனால்தான் அறக்கட்டளைக்கு அந்த வழியை நாங்கள் எடுக்கவில்லை.

நான்காவதாக, அவகாசமும் வேண்டாம் என்றால் லினக்ஸ் இருக்கிறது. உடனே எதையும் அழிக்க வேண்டியதில்லை. ஒரு பென்டிரைவில் லினக்ஸ் மின்டைப் போட்டு, அதிலிருந்தே கணினியை இயக்கிப் பார்க்கலாம். வைஃபை கிடைக்கிறதா, சத்தம் வருகிறதா, பிரிண்டர் ஓடுகிறதா, கேமராவில் முகம் தெரிகிறதா என்று ஒரு வாரம் பாருங்கள். பிடித்தால் வைத்துக்கொள்ளுங்கள். பிடிக்காவிட்டால் பென்டிரைவைப் பிடுங்கினால் பழையபடி விண்டோஸ்தான். இணையமே தேவைப்படாத வேலை என்றால், நம் டிடிபி கணினியைப் போல வயரைப் பிடுங்கித் தனியே வைப்பதும் ஒரு வழி.

எந்த வழியில் போனாலும், கை வைப்பதற்கு முன் நகல் எடுங்கள். இரண்டு நகல். ஒன்று வீட்டில், ஒன்று உம்மா வீட்டிலோ தம்பி வீட்டிலோ. நகல் உள்ள டிஸ்க்கைக் கணினியிலேயே மாட்டி வைக்காதீர்கள். கோப்புகளைப் பூட்டும் தீநிரல் வந்தால் மாட்டியிருக்கும் டிஸ்க்கையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

ஏமாறும் இடங்கள்

இந்த மாற்றத்தை வைத்துச் சிலர் பிழைக்கப் பார்க்கிறார்கள். அதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

"உங்க விண்டோஸ் காலாவதி ஆயிடுச்சு, நாங்க கம்பெனியிலிருந்து பேசுறோம், இந்த ஆப்பைப் போடுங்க" என்று போன் வந்தால் வைத்துவிடுங்கள். எந்தக் கம்பெனியும் உங்கள் வீட்டுக்கு அப்படிப் பேசாது. அந்த ஆப்பைப் போட்டால் உங்கள் திரை அவர் கைக்குப் போய்விடும். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்தும் வாய்ப்பு அதிகம்.

"தகுதி இல்லாத கணினியிலேயும் சுத்து வழியா 11 போட்டுத் தர்றோம்" என்று கடைகளில் சொல்வார்கள். போட முடியும் என்பது உண்மை. ஆனால் அப்படிப் போட்ட கணினிக்குத் திருத்தங்கள் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி சொல்வதில்லை. எதற்காக மாற்றுகிறோமோ அதுவே கேள்விக்குறியானால் மாற்றி என்ன பயன்?

பிள்ளைக்குக் கல்லூரிக்கு செகண்ட் ஹேண்ட் லேப்டாப் வாங்கும் பெற்றோர் இதை முக்கியமாகக் கேளுங்கள். அலுவலகங்கள் கழித்த ஆறாம், ஏழாம் தலைமுறை லேப்டாப்கள் சந்தைக்கு மலிவாக வந்துகொண்டிருக்கின்றன. பார்க்கப் புதிதுபோல இருக்கும். பிராசஸர் பெயரைப் படியுங்கள். ஐ5-க்குப் பிறகு 7200 என்று இருந்தால் ஏழாம் தலைமுறை, 8250 என்று இருந்தால் எட்டாம் தலைமுறை, 10210 என்று இருந்தால் பத்தாம் தலைமுறை. எண்ணின் தொடக்கத்தில் உள்ள ஓரிரு இலக்கங்கள்தான் தலைமுறையைக் காட்டும். "ஐ5 லேப்டாப்" என்ற வார்த்தையை மட்டும் நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்.

பழைய கணினியைக் காயலான் கடைக்குப் போடும்போதும் கவனம் வேண்டும். டிலீட் செய்தால் கோப்பு போய்விட்டது என்று நினைக்கிறோம். போகாது. மீட்டெடுக்க முடியும். டிஸ்க்கை முறையாக அழித்துக் கொடுங்கள், அல்லது டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொண்டு மீதியைக் கொடுங்கள். பெட்டியைக் குப்பைமேட்டில் எரிய விடாமல், மின்னணுக் கழிவு வாங்கும் அங்கீகாரம் பெற்றவர்களிடம் சேர்ப்பது நல்லது.

எங்கள் வீட்டில் கம்ப்யூட்டரே இல்லை என்று சொல்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் கையில் இருக்கும் போனும் கணினிதான். அதற்கும் ஆதரவு முடியும் நாள் உண்டு. செட்டிங்ஸில் பாதுகாப்பு அப்டேட் எந்தத் தேதியோடு நிற்கிறது என்று பாருங்கள். இரண்டு மூன்று வருடத்துக்கு முந்தைய தேதியாக இருந்தால், அந்தப் போனில் பணம் அனுப்பும் செயலிகளை வைத்திருக்காதீர்கள். பேசுவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

ஒரு வேண்டுகோள்

இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதத்திலிருந்து சனிக்கிழமை தோறும் அஸர் தொழுகைக்குப் பின் பயிற்சிக் கூடத்தில் நம் தம்பி தங்கைகள் இருப்பார்கள். உங்கள் கணினியைக் கொண்டுவாருங்கள். எந்த வழி பொருந்தும் என்று பார்த்துச் சொல்வார்கள். கட்டணம் கிடையாது. பெண்களின் லேப்டாப்களைத் தங்கைகளே பார்ப்பார்கள். உள்ளே இருக்கும் புகைப்படங்களையும் கோப்புகளையும் திறக்க மாட்டோம். நகல் எடுப்பதை உங்கள் கண்முன்னே நீங்களே செய்துகொள்ளும்படி காட்டிக் கொடுப்போம்.

வீட்டில் தூங்கும் பழைய கணினி இருந்தால் அறக்கட்டளைக்குக் கொடுங்கள். டிஸ்க்கை அழித்து, லினக்ஸ் போட்டு, தேவையுள்ள மாணவருக்குக் கொடுப்போம். மஹல்லாவில் இன்னும் கணினி கேட்டுக் காத்திருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

மதரஸா, பள்ளிவாசல் அலுவலகம், சங்கங்கள் நடத்தும் பெரியவர்களிடம் தனியாக ஒன்று கேட்டுக்கொள்கிறோம். உங்கள் கணினியில் இருப்பது உங்கள் பொருள் மட்டுமல்ல. நிக்காஹ் பதிவேடு, வக்ஃபு சொத்தின் ஆவணங்கள், சந்தாதாரர் பட்டியல், உதவி பெறுகிறவர்களின் பெயர்கள், இவை ஊர் மக்கள் உங்களை நம்பிக் கொடுத்தவை. நம் சொந்தப் பொருளில் அலட்சியமாக இருந்தால் நஷ்டம் நமக்கு. பிறர் பொருளில் அலட்சியமாக இருந்தால் பதில் சொல்ல வேண்டியவர்களும் நாம்தான். எந்தக் கணினி, அதில் எது இருக்கிறது, யாருக்குக் கடவுச்சொல் தெரியும் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். எங்களுக்குப் பாதி வேலை அந்தத் தாளிலேயே முடிந்தது.

கடைசியாக அந்த ராத்தா. சென்ற மாதம் உதவித்தொகை வாங்க வந்தபோது, எல்லாவற்றையும் அவரிடம் சொன்னோம். எந்தக் கணினியில் அவருடைய விவரம் இருக்கிறது, அதை யார் திறக்க முடியும், வேலை முடிந்த ஆதார் நகல்களை இனி நாங்கள் வைத்துக்கொள்வதில்லை, எண்ணைச் சரிபார்த்ததும் அழித்துவிடுகிறோம் என்பதையெல்லாம் காட்டினோம். பொறுமையாகக் கேட்டார். பிறகு, "இதை அன்னைக்கே சொல்லியிருந்தா ஒரு மாசம் தூங்கியிருப்பேனே தம்பி" என்றார்.

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. நம்மிடம் பெயர் எழுதிக் கொடுத்த ஒருவர், அந்தப் பெயர் எங்கே போகுமோ என்று ஒரு மாதம் தூக்கமில்லாமல் இருந்திருக்கிறார். இனி அப்படி ஒருவரும் இருக்கக்கூடாது. உங்களுடைய விவரம் எங்களிடம் எங்கே, எப்படி இருக்கிறது என்று எப்போது வேண்டுமானாலும் வந்து கேளுங்கள். அது உங்கள் உரிமை. பதில் சொல்வது எங்கள் கடமை.

வஸ்ஸலாம்.